ரைபிள் கிளப்புக்குக் கூப்பிட்டால் போகலாமா?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் ஆங்கிலேயர் வியாழக்கிழமை சாயங்காலம் தன்னோட ரைபிள் கிளப்புக்கு வா என்கிறார். துப்பாக்கியை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். போகலாமா? போலீஸில் பெயர் ஏறுமா? அங்கே நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?"

தாராளமாகப் போங்கள் தம்பி. ஆனால் போவதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ரைபிளா, களிமண் தட்டா? வானத்தில் பறக்கும் தட்டை ஷாட்கன்னால் சுடுவது வேறு விளையாட்டு. திறந்தவெளி, குளிர், தோளில் நல்ல இடி. நான் சொல்லப்போவது .22 ரைபிளைப் பற்றி, அதாவது குழல் துளை 0.22 அங்குலமே உள்ள சின்ன ரைபிள். இங்கே ஊருக்குள் இருக்கும் சின்னக் கிளப்புகளில் பெரும்பாலும் அதுதான். கொட்டகைக்குள்ளே, 25 கஜ தூரத்தில், பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு சுடுவார்கள்.

போலீஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பிரிட்டன் உள்துறையின் அங்கீகாரம் பெற்ற கிளப்புகள் வருடத்துக்கு 12 நாள் வரை விருந்தாளிகளைக் கூப்பிட்டுச் சுட வைக்கலாம். உறுப்பினர் ஒருவருக்கு நேரில் தெரிந்தவராக நீங்கள் இருந்தால் போதும். அந்த நாளைப் பற்றி கிளப் முன்கூட்டியே போலீஸுக்குத் தெரிவிக்கும். நீங்கள் போனதும் ஒரு படிவம் நீட்டுவார்கள். 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி துப்பாக்கியைத் தொடத் தடை செய்யப்பட்ட ஆள் நான் இல்லை என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கான தடை அது. படித்துப் பார்த்து, உண்மையாக இருந்தால் போடுங்கள். இதில் உங்கள் மேல் வழக்கோ பதிவோ எதுவும் இல்லை. ஊரில் அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் இந்தப் படிவத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். துப்பாக்கி, போலீஸ், கையெழுத்து மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் அடுத்த விமானத்தில் கிளம்பி வந்துவிடுவார்கள்.

அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு இந்த நாட்டைக் கணக்குப் போட வேண்டாம். 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த வருடமே கைத்துப்பாக்கிகளைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தற்காப்புக்காக என்று கேட்டால் இங்கே யாருக்கும் லைசென்ஸ் கிடைக்காது. அதனால் கிளப்பில் வீரவசனம் பேசும் ஆட்கள் குறைவு. நான் பார்த்தவரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிளம்பர்கள், அப்பாவோடு வரும் பள்ளிப் பிள்ளைகள், இவர்கள்தான் அதிகம். .22 போன்ற சின்னத்துளை ரைபிள்களுக்கான பிரிட்டிஷ் சங்கம் 1901இல் ஆரம்பித்தபோது அதன் பெயரே உழைக்கும் மக்களின் ரைபிள் கிளப்புகள் சங்கம் என்பதுதான். பணக்காரர்கள் கூடும் இடமோ என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை. தகரக் கூரை, மின்சார ஹீட்டர், பழைய கெட்டில், அவ்வளவுதான் ஆடம்பரம்.

சரி, அன்று என்ன நடக்கும்? முதல் அரை மணி நேரம் பேச்சுதான். குழல் முனை எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. சுட்டு முடித்ததும் போல்ட்டை (தோட்டா போடும் இடத்தை அடைக்கும் கம்பி) திறந்து, தோட்டா அறை காலி என்று காட்ட வண்ணக் கொடி போன்ற பிளாஸ்டிக் துண்டைச் செருகி வைக்க வேண்டும். இலக்கு அட்டையை மாற்ற யாராவது முன்னால் போயிருந்தால் ரைபிளைத் தொடவே கூடாது, காலியாக இருந்தாலும். ஏதாவது தவறாகத் தெரிந்தால் "ஸ்டாப்" என்று யார் வேண்டுமானாலும் கத்தலாம். புதிதாய் வந்த நீங்களும் கத்தலாம், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுடும் இடத்துக்குப் பொறுப்பாளரான ரேஞ்ச் ஆபீசர் சொல்வதுதான் அங்கே சட்டம். மேனேஜராக இருந்தாலும் அவர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். ஆங்கிலம் வேகமாகப் போய் புரியவில்லை என்றால் தலையாட்டிவிடாதீர்கள். ஆபீஸ் மீட்டிங்கில் நாம் செய்யும் அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அப்புறம் படுக்க வைப்பார்கள். உங்கள் பக்கத்திலேயே ஒருவர் முழு நேரமும் இருப்பார். தோளையும் முழங்கையையும் மெத்தென்று தாங்கும் தடித்த கோட்டு, இடது கைக்கு ஒரு கையுறை, கையையும் ரைபிளையும் சேர்த்துக் கட்டும் வார், எல்லாம் கிளப்பிலேயே தருவார்கள். இந்த வாரில்தான் சூட்சுமம் இருக்கிறது. புதியவர்கள் ரைபிளைப் பலத்தால் பிடிக்கப் பார்ப்பார்கள், இரண்டே நிமிடத்தில் கை நடுங்கும். எடையை வாரும் எலும்பும் சுமக்க வேண்டும், தசை சும்மா கிடக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். குறி பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் ரைபிளைத் தள்ளித் திருத்தக் கூடாது. இடுப்பையும் காலையும் கொஞ்சம் நகர்த்திப் படுக்க வேண்டும்.

பின்பக்கத் துளை வழியாகப் பார்த்தால் முன்பக்கத்தில் ஒரு வளையம், அதற்குள் அட்டையின் கறுப்பு வட்டம் தெரியும். கறுப்பைச் சுற்றி வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மூச்சை முக்கால்வாசி விட்டுவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் ஒரு விஷயம் தெரியும்: உங்கள் நாடித்துடிப்புக்கு ஏற்ப அந்த வளையம் மெல்ல எம்பி எம்பி அடங்கும். பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். ட்ரிகரைச் சுண்டி இழுக்காமல், விரல் நுனியால் அழுத்தம் கூட்டிக்கொண்டே போங்கள். எப்போது வெடித்தது என்று உங்களுக்கே தெரியாத மாதிரி வெடித்தால் அது நல்ல ஷாட். ஏழெட்டு நொடிக்குள் வெடிக்கவில்லையா, விட்டுவிட்டு மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பியுங்கள். கண் மங்கிய பிறகு பிடிவாதமாகச் சுடுவதில் தோட்டாதான் வீண்.

சுட்டதும் நடுவில் பட்டதா என்று தேடாதீர்கள். அஞ்சு ஓட்டையும் ஒரே இடத்தில் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் இருந்தாலும் நெருக்கமாக இருந்தால் பயிற்சியாளர் குஷியாகிவிடுவார். குறிபார்க்கும் துளையை நகர்த்தும் குமிழை நாலு கிளிக் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவருவது அவருக்குச் சுலபம். சிதறிக் கிடப்பதைத்தான் எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது.

சத்தம் பற்றி: .22 தோள்பட்டையை அவ்வளவாக உதைக்காது, ஆனால் மூடிய அறையில் சுரீர் என்று இருக்கும். காதுக்கவசத்தைக் கழற்றவே கழற்றாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரை நான் கூட்டிப் போனபோது, அவரால் அந்தச் சத்தத்தில் உட்கார முடியவில்லை. ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆள் இல்லாத வேறொரு மாலையில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிள் கொடுத்தார்கள், இன்றும் அதைத்தான் சுடுகிறார். ஏர் ரைபிளை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவது அந்தப் பிரிவில்தான். உடல் பலம் பெரிதாக வேண்டாத விளையாட்டு என்பதால் மனைவியையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் வேண்டாம், உள்ளரங்கில் ஈயத் தூசி இருக்கும். நீங்களும் வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிஸ்கட்டைத் தொட வேண்டும்.

நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்றீர்களே. கதவைத் திறந்ததும் நாலு தலை திரும்பும், அது உண்மைதான். ஆனால் பப்பில் கையில் கோப்பையோடு நின்று வானிலையையும் ஃபுட்பாலையும் பேசித் தீர்க்கும் கஷ்டம் இங்கே இல்லை. சுடும்போது பேச முடியாது, சுட்டு முடித்தால் பேச அட்டை இருக்கிறது. கூச்ச சுபாவம் உள்ள நம் ஆட்களுக்கு இந்த நாட்டில் இதைவிடச் சுலபமான அறிமுகம் எனக்குத் தெரியாது.

பிடித்துவிட்டால் அவசரப்படாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். உறுப்பினராகக் குறைந்தது 3 மாதம் பயிற்சி உறுப்பினராக ஒழுங்காகப் போய் வர வேண்டும். முழு உறுப்பினர் ஆனபின் கிளப்பின் ரைபிளை கிளப்பிலேயே சுட உங்களுக்குச் சொந்த லைசென்ஸ் தேவையில்லை. சொந்தமாக வைத்துக்கொள்ள நினைத்தால்தான் போலீஸ் சான்றிதழ், டாக்டரின் மருத்துவ விவரம், வீட்டில் பெட்டகம், அதிகாரி வந்து பார்ப்பது எல்லாம். நாலு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கும் வரைக்கும் அந்த யோசனையே வேண்டாம்.

ரெண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். துப்பாக்கியோடு போஸ் கொடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது எங்கெங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டை விழுந்த அட்டையைப் போடுங்கள், அது போதும். அடுத்தது, கிளம்பும்முன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். சுடாத ஒரே ஒரு தோட்டாவோடு வெளியே வந்தாலும் இங்கே குற்றம். அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய் சென்னை விமான நிலையத்தில் மாட்டினால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும்.

புதன்கிழமையே ஒன்று செய்து வையுங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் தெரிந்துகொண்டே இருக்கிறதோ அதுதான் உங்கள் குறிக்கண். இடது கண்ணாக இருந்தால் நண்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். இடது கை ரைபிள் கிளப்பில் ஒன்றோ ரெண்டோதான் இருக்கும், அவர் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.