புல்வெட்டும் இன்ஜினும் மாதிரி விமானமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): எங்கள் தென்னந்தோப்பில் களை வெட்டிய 52 சிசி பிரஷ் கட்டர் ஒன்று குழாய் வளைந்து மூலையில் கிடக்கிறது. இன்ஜின் மட்டும் நன்றாக ஓடுகிறது. இறக்கை இரண்டு மீட்டர் நீளமுள்ள மாதிரி விமானத்தில் அதைப் பொருத்தலாமா, ஐயா?

பதில்: இன்ஜினைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த விமானத்துக்கு அது வேண்டாம். 52 சிசி இன்ஜின்களின் தகட்டில் பெரும்பாலும் 6,500 சுற்றில் 1.45 கிலோவாட் என்று அச்சிட்டிருப்பார்கள். ஏறத்தாழ இரண்டு குதிரைத்திறன் என்பதால் ஆற்றலுக்குக் குறைவில்லை. சிக்கல் எடையில்தான் இருக்கிறது. விமானத்துக்கென்றே வார்த்தெடுத்த 55 சிசி இன்ஜின் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். தோட்டக் கருவியின் இன்ஜினோ, கிளட்ச், இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிற்றுச் சுருள், பிளாஸ்டிக் உறை, பெட்ரோல் தொட்டி ஆகிய அனைத்தையும் கழற்றிய பிறகும் அதைவிடக் கணிசமாகக் கனக்கும். ஐந்து கிலோ விமானத்தின் மூக்கில் அதைத் தொங்கவிட்டால், சமநிலைக்காக வாலில் ஈயம் கட்ட வேண்டியிருக்கும். கட்டிய பிறகு தரையிறங்கும் வேகம் உங்களைப் பயமுறுத்தும்.

கையில் உள்ள விமானத்துக்கு இன்ஜினைத் தேடுவது வழக்கமான முறை. கருவி இன்ஜினைப் பொறுத்தவரை, இன்ஜினுக்கு ஏற்ற விமானத்தைத் தேடுவதே சரி என்பது என் கருத்து. முதல் உலகப் போர்க் காலத்து விமானங்கள் பலவற்றுக்கும் பைப்பர் ஜே-3 கப் என்ற சிறு அமெரிக்க விமானத்துக்கும் மூக்கு குட்டை, அதனால் வால்பக்கம் கனத்துவிடும். அவற்றின் மாதிரிகளைச் செய்கிறவர்கள் இலேசான இன்ஜினைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு மூக்கில் ஈயக்கட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே உங்கள் இன்ஜினின் உபரி எடை அந்த ஈயத்தின் வேலையைச் செய்துவிடும். உண்மையான கப் விமானத்தின் இறக்கை 10.7 மீட்டர்; அதன் கால் அளவு மாதிரிக்கு ஏறத்தாழ 2.7 மீட்டர் வரும். அதை 26 சிசி புல்வெட்டி இன்ஜினே நிதானமாகத் தூக்கிவிடும் என்பதால், 52 சிசி இன்ஜினை அதைவிடப் பெரிய மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் இன்னொன்றையும் பாருங்கள். சில மலிவான புல்வெட்டிகளில் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒரு பக்கம் மட்டுமே பேரிங்கில் நிற்கும். இணைப்புத்தண்டு மறுமுனையில் தாங்கலின்றித் தொங்கும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பலரும் மாற்றியமைத்த ரியோபி 31 சிசி இன்ஜின் இந்த வகைதான், அதுவும் பறந்தது. ஆனாலும் சுழன்றுகொண்டிருக்கும் பெரிய புரொப்பெல்லரைச் சட்டெனத் திருப்பும்போது தண்டின் மேல் விழும் வளைவு விசையை எண்ணினால், இருபுறமும் பேரிங் உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 43, 52 சிசி சீன இன்ஜின்கள் பொதுவாக இருபுறத் தாங்கல் உள்ளவையே.

கேள்வி (ஓசூர் வாசகர்): தண்டின் முனையில் சுழலும் கனச் சக்கரமான பிளைவீலை அகற்றிவிட்டால் எடை குறையுமல்லவா?

பதில்: குறையும், கூடவே தீப்பொறியும் போய்விடும். அந்தச் சக்கரத்தில் பதித்துள்ள காந்தம் காயிலைக் கடக்கும் கணத்தில்தான் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் பிறக்கிறது. தண்டில் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சிறிய சாவி ஒன்று தீர்மானிக்கிறது. அது நழுவினால் தீப்பொறியின் நேரமும் நழுவும். எனவே சக்கரத்தை எடுப்பதானால், பேட்டரியில் இயங்கும் மின்னணு இக்னிஷனைப் பொருத்தி, புரொப்பெல்லரைத் தண்டில் பிடிக்கும் ஹப்பில் சிறு காந்தம் பதித்து, அந்தக் காந்தத்தை உணரும் ஹால் சென்சாரையும் வைக்க வேண்டும். செலவு கூடும். ஆனால் கையால் மெல்லச் சுண்டினாலே இன்ஜின் பற்றிக்கொள்ளும். மேக்னட்டோவுக்கு, அதாவது சக்கரக் காந்தமும் காயிலும் சேர்ந்த பழைய ஏற்பாட்டுக்கு, நல்ல பொறி கிடைக்க வேகமான சுண்டல் தேவைப்படும். குட்டை மூக்கு விமானத்துக்கு நான் மேக்னட்டோவையே விட்டுவைப்பேன். பேட்டரி தீர்ந்து நடுவானில் இன்ஜின் அணையும் கவலை அதில் இல்லை.

எடை குறைக்கச் சக்கரத்தின் விசிறி இதழ்களை ரம்பத்தால் அறுப்பவர்கள் உண்டு. லேத்தில் கடைந்து சமநிலை பார்க்க முடியாவிட்டால் அதைச் செய்யாதீர்கள். இதழ்கள் போனால் குளிர்விக்கும் காற்றும் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். புரொப்பெல்லரின் நடுப்பகுதி தள்ளும் காற்று சொற்பம். ஆகவே சிலிண்டரின் செதில்களுக்கு இடையே காற்று புகுந்து செல்லும்படி மறைப்புத் தகடு வைத்து, மூக்குறையில் காற்று நுழையும் வழியைவிட வெளியேறும் வழியை இரு மடங்காவது பெரிதாக விடுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): கிளட்ச் இருந்த இரண்டு போல்ட் துளைகளிலேயே புரொப்பெல்லரை மாட்டலாமா?

பதில்: கூடாது. பதினெட்டு அங்குல புரொப்பெல்லர் 7,000 சுற்றில் ஓடும்போது அதன் முனை மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதை இரண்டு போல்ட்டை நம்பி விடக் கூடாது. தண்டின் கூம்பு முனைக்குப் பொருந்தும்படி ஹப்பை நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். நடுநட்டுடன் நான்கு அல்லது ஆறு போல்ட்டுகள் புரொப்பெல்லரைப் பிடிக்கட்டும். மரப் புரொப்பெல்லரே போதும். உலோகத்தில் வேண்டவே வேண்டாம். கயிற்றுச் சுருளைக் கழற்றும் முன் ஒருமுறை இழுத்து, தண்டு எத்திசையில் சுழல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்று பார்ப்பவருக்கு இடஞ்சுழியாகச் சுழன்றால் சாதாரண புரொப்பெல்லர் பொருந்தும். வலஞ்சுழியானால் எதிர்த்திசைப் புரொப்பெல்லர் வேண்டும். முதல் ஓட்டத்தின்போது வாலைக் கயிற்றால் கட்டி, தடித்த தோல் கையுறை அணிந்து, இன்ஜின் பற்றிய கணமே பின்னால் வந்துவிடுங்கள். புரொப்பெல்லரின் சுழல்தளத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.

கேள்வி (திருச்சி வாசகி): விமானம் தலைகீழாகப் பறந்தால் கார்புரேட்டர் வேலை செய்யுமா? எந்த எரிபொருள்?

பதில்: செய்யும். புல்வெட்டியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும்படி, மிதவைக்குப் பதிலாக டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் அது. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூடான கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பே எரிபொருளை உறிஞ்சுகிறது. இந்த இன்ஜின்களின் கவர்ச்சியே சாதாரண பெட்ரோல்தான். பொறிக்குப் பதில் சூடான கம்பியால் பற்றவைக்கும் குளோ பிளக் இன்ஜின்களுக்கான மெத்தனால் கலவையை வாங்கிக் கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்தவர்களே அதிகம். லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கலாம். பழைய மாதிரி விமானங்களின் சிலிகோன் குழாய் பெட்ரோலில் உப்பிக் கிழிந்துவிடும் என்பதால் பெட்ரோல் தாங்கும் குழாயையே போடுங்கள். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கிறது. பறந்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): தோட்டக் கருவிக்கும் விமானத்துக்கும் முதலில் முடிச்சுப் போட்டவர் யார்?

பதில்: ஒருவரைக் கைகாட்ட முடியாது. ஆனால் பயணம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது என்பது சுவையான செய்தி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓல்சன் அண்ட் ரைஸ் நிறுவனம் மாதிரி விமான இன்ஜின்களில் தொடங்கி, பின்னாளில் கைக்கருவிகளுக்கான சிறு பெட்ரோல் இன்ஜின்களுக்கு நகர்ந்தது. ஜப்பானின் செனோவா நிறுவனம் ஒரே காலத்தில் பிரஷ் கட்டர்களையும் விமான இன்ஜின்களையும் விற்றது.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): தோப்பிலேயே பறக்கவிடலாமா?

பதில்: தென்னை மரங்களுக்கு நடுவே வேண்டாம், திறந்த வெளி வேண்டும். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாமல், கண்பார்வைக்குள், பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ பறப்பவற்றை மாதிரி வகையாகத் தனியே குறிப்பிடுகின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையென்றால் 400 அடி வரை பறக்கவிடலாம். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் உங்கள் பக்கத்தில்தான் உள்ளன.