அனுமதி இல்லாமல் ஒரு இணையதளத்தின் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் அதுவும் குற்றமா? ஹேக்கர் என்றாலே திருடன்தானா?

திருடன் இல்லை. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். இணையதளங்களில் ஓட்டை தேடுவதுதான் என் வேலை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. ஒரு தளத்தில் பணம் கட்டிவிட்டு ரசீதைத் திறந்தேன். பக்கத்தின் முகவரியில் கடைசியாக ரசீது எண் அப்படியே இருந்தது. அதில் ஒன்றைக் கூட்டி எண்டர் தட்டினேன். முன்பின் தெரியாத ஒருவருடைய பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் திரையில் வந்துவிட்டன. எந்தப் பாஸ்வேர்டையும் நான் உடைக்கவில்லை. கேட்பது யார் என்று சர்வர், அதாவது தளத்தை இயக்கும் கணினி, பார்க்கவே இல்லை. உடனே மூடிவிட்டு அந்த நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்து என் ரசீதைத் திறந்தால் லாகின் கேட்டது; ஓட்டையை அடைத்திருந்தார்கள். நன்றி என்று ஒரு வரி வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இதுவே பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், அரசுத் தளம் ஒன்றின் பக்க நிரலுக்குள் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (அமெரிக்க அரசு தரும், ரகசியமாக வைக்கவேண்டிய அடையாள எண்கள்) கிடப்பதை ஒரு பத்திரிகை நிருபர் கவனித்தார். துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சரிசெய்யும்வரை பத்திரிகை செய்தியை வெளியிடாமல் காத்திருந்தது. அப்படியும் ஆளுநர் மைக் பார்சன் அவரை ஹேக்கர் என்றார், வழக்குப் போடவேண்டும் என்றார். அந்தப் பக்கத்தைத் திறக்கும் எல்லோருடைய பிரவுசருக்கும் வந்துசேரும் நிரல் அது! 2022 பிப்ரவரியில், வழக்குத் தொடரப்போவதில்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். அதுவரை அந்த நிருபர் எப்படித் தூங்கியிருப்பார்?

சரி, மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 1988இல் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் ஒரு புழு நிரலை, அதாவது கணினிக்குக் கணினி தானாகப் பரவும் நிரலை, விட்டார். எதையும் அழிக்க எழுதியது அல்ல. ஆனால் அது நினைத்ததைவிட வேகமாகப் பெருகி, ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்; அடுத்தவர் இயந்திரத்தில் சோதனை செய்ய அவரை யாரும் அழைக்கவில்லை.

என் விஷயத்திலும், நான் கூட்டிப் பார்த்த அந்த ஒரு எண்ணே சரிக்கும் தவறுக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேல்தான் இருந்தது. இரண்டாவது எண்ணைப் போட்டிருந்தால் அது வேவு. தானாக இயங்கும் ஒரு சின்ன நிரல் எழுதி எல்லா ரசீதையும் இறக்கியிருந்தால் திருட்டு. மூன்றுக்கும் தேவையான திறமை ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே நிறுத்தினேன், யாரிடம் முதலில் சொன்னேன் என்பதை வைத்துத்தான் என்னை எடைபோட முடியும்.

இப்போது அப்படிப்பட்ட மெயில்கள் எங்கள் குழுவுக்கும் வருகின்றன. சில நேரம் எழுத்தில் பயம் தெரியும், பெயர்கூடப் போடமாட்டார்கள். ஓட்டை உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே, நன்றி சொல்லி ஒரு பதில் அனுப்பிவிடுகிறேன்.