முதலாளி சபை மூப்பர், பிடித்த பி.எஃப். கட்டவில்லை. நான் பேசலாமா?

கேள்வி: திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டெய்லர்கள், செக்கிங் பெண்கள் எல்லார் சம்பளத்திலும் பி.எஃப். பிடிக்கிறோம். ஆனால் எட்டு மாதமாக பி.எஃப். ஆபீசுக்குக் கட்டவில்லை. முதலாளி எங்கள் சபை மூப்பர், என் கல்யாணத்துக்கும் உதவியவர். ‘விசுவாசியைக் காட்டிக்கொடுக்கலாமா? ஜெபத்தில் வைம்மா’ என்கிறார் அம்மா. நான் என்னங்க செய்யட்டும்?

தொழிலாளர் வழக்கறிஞரின் பதில்:

சகோதரி, காட்டிக்கொடுப்பது என்றதும் நம் ஆட்களுக்கு யூதாஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. அவன் குற்றமற்றவரை முப்பது வெள்ளிக்காசுக்கு விற்றவன். உங்களுக்கு இதில் ஒரு ரூபாய் லாபம் கிடையாது, வேலை போகிற பயம்தான் உண்டு. ஆகவே அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள்.

ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பி.எஃப். கட்டத்தில் 12 சதவீதம், 1,800 ரூபாய் கழிந்திருக்கும். கம்பெனியும் தன் பங்காக அதே அளவு போட்டு, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். கழித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது ‘கொஞ்சம் லேட்’ இல்லை, நம்பிக்கை மோசடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவில் இதற்கென்றே தனி விளக்கம் இருக்கிறது. வேலைக்காரருடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வதும் இந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

மத்தேயு 18-ஐ உங்களிடம் கட்டாயம் நீட்டுவார்கள். தனியே போய் உணர்த்து, கேட்காவிட்டால் ஓரிருவரோடு போ, அப்புறம் சபைக்குச் சொல். அது நமக்கு ஒருவர் செய்த தப்புக்குச் சொன்ன வழி. இங்கே நஷ்டப்பட்டவர் நீங்கள் இல்லை, பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், உட்கார்ந்திருக்கும் அக்காமார். அவர்கள் பணத்தை மன்னித்துவிட உங்களுக்கோ சபைக்கோ உரிமை இல்லை. இருந்தாலும் உங்களுக்கு உதவியவர் என்பதால் ஒரே ஒரு முறை நேரில் சொல்லுங்கள்: ‘அண்ணா, வருகிற 15-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் நான் சும்மா இருக்க முடியாது.’ ஷிப்மென்ட் பணம் வரவில்லை என்பார். உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அடுத்தவர் கூலியில் கடன் எடுக்க முடியாது.

இப்போது நான் கெஞ்சிக் கேட்கிற விஷயம். நடுவில் யாரையும் விடாதீர்கள். ‘பேப்பரைக் கொடுங்க, நாங்க பார்த்துக்கறோம்’ என்று லெட்டர்பேடு சங்கத் தலைவர் வருவார், பத்திரிகை அடையாள அட்டை மாட்டியவர் வருவார். உங்கள் காகிதத்தை முதலாளி மேசையில் போட்டுப் பேரம் முடித்துக்கொண்டு, யார் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட்டுப் போவார்கள். பி.எஃப். கன்சல்டன்ட் முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர், அவரிடம் வாயே திறக்க வேண்டாம். இவர்களைவிட எனக்குப் பயம், சபைத் தேர்தலில் மூப்பரை எதிர்த்து நிற்கிற அணி. அவர்கள் கைக்குப் போனால் தொழிலாளியின் பணம் மறந்துபோகும், உங்கள் சாட்சியும் கட்சிச் சண்டையாகிவிடும்.

கணக்கு நோட்டுகளை அள்ளிக்கொண்டு வரவும் வேண்டாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் யூ.ஏ.என். என்ற பி.எஃப். எண் இருக்கிறது, அரசின் உமாங் செயலியில் பாஸ்புக் தெரியும். பிடித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டு, ஏறாததைக் காட்டும் பாஸ்புக், இரண்டும் போதும். பாஸ்புக் பார்க்க நாலு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர்களே புகார் தரட்டும்.

அப்போஸ்தலர் 23-ஐ வாசியுங்கள். பவுலைக் கொல்லப் பதுங்கியிருப்பதைக் கேள்விப்பட்ட அவருடைய சகோதரி மகன் முதலில் பவுலிடம் சொன்னான், பவுல் அவனை ரோம சேனாபதியிடமே அனுப்பிச் சொல்ல வைத்தார். சேனாபதி அவன் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய்க் கேட்டார். ‘நீ சொன்னதாக யாரிடமும் சொல்லாதே’ என்றும் அனுப்பினார். அரசாங்கத்திடம் போவது விசுவாசக் குறைவு இல்லை.

அந்த சேனாபதிக்கு இருந்த பொறுப்பு நம் அரசுக்கு இல்லை என்பதுதான் என் ஆத்திரம். தகவல் சொல்பவரைக் காக்க 2014-இல் சட்டம் நிறைவேறியது, அமலுக்கு வராமலே கிடக்கிறது. வந்தாலும் அது அரசு ஊழியர்மீதான புகாருக்குத்தான். தனியார் கம்பெனிக்காரரான உங்களுக்கு அதில் குடை இல்லை. அதனால்தான் புகாரில் தொழிலாளிகளின் பெயர் இருக்கட்டும் என்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. ‘முதலில் தனியே சொல்லுங்கள்’ என்றது பண விஷயத்துக்கு மட்டும். ஒரு பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், சந்தேகம் வந்தாலே, போதகராக இருந்தாலும் ஹாஸ்டல் வார்டனாக இருந்தாலும் தனியே பேசப் போகவே கூடாது. பேசினால் எச்சரித்துவிடுகிறீர்கள், பிள்ளையை மிரட்ட நேரம் கொடுக்கிறீர்கள். 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. ‘கமிட்டி வைத்து விசாரிக்கிறோம், சபையின் நாமம் கெடும்’ என்பவர்களைக் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அன்றைக்கே போன் போடுங்கள். எத்தனை இடத்தில் ஜெபக்கூட்டம் போட்டு மூடப் பார்க்கிறார்கள்!

சரி, உங்கள் விஷயம். 15-ஆம் தேதி தாண்டியும் கட்டவில்லையென்றால், பி.எஃப். ஆபீஸ் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடத்துகிறது. ஆன்லைனில் மட்டும் போட்டால் ‘நிறுவனத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறோம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆகவே நாலு பேரும் சீட்டு, பாஸ்புக் நகலோடு நேரில் போய் மனு கொடுத்து, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வரட்டும்.