சரியாக முடிவெடுக்க விதிகள் போதாதா, நல்ல குணமும் வேண்டுமா?

விதி போதாது என்பதுதான் பண்டைய கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலின் பதில். ஒரு செயல் சரியா என்று அறிய, ஜெர்மன் தத்துவஞானி கான்ட் கடமையைப் பார்த்தார், ஆங்கிலேயத் தத்துவஞானி மில் விளைவைப் பார்த்தார். அவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் செய்கிற ஆளைப் பார்த்தார்.

நண்பர் ஒருவர் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடு என்றோ கொடுக்காதே என்றோ பொதுவாக ஒரு விதி போட்டுவிட முடியுமா? யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அள்ளி இறைத்தால் ஊதாரித்தனம், முடிந்துவைத்தால் கஞ்சத்தனம், இடையில் இருப்பது தாராளம். இடை என்றால் சரிபாதி இல்லை, ஆளுக்கும் நேரத்துக்கும் தக்கபடி அது நகரும். அதைக் கண்டுகொள்ளும் விவேகம் பழகித்தான் வரும். யாழை வாசித்து வாசித்தே யாழ் கலைஞர் ஆவது போல என்கிறார் அரிஸ்டாட்டில்.

சரி, குணம் உண்மையில் அவ்வளவு உறுதியானதா? 1973இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். "நேரமாகிவிட்டது, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் வழியில் சுருண்டு கிடந்தவருக்கு உதவினார்கள். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், சோதனைக்கு வந்த மாணவர்களில் பாதிப்பேர் நல்ல சமாரியன் கதையைப் பற்றி, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு ஓர் அந்நியர் உதவும் பைபிள் கதையைப் பற்றிப் பேசப் போய்க்கொண்டிருந்தவர்கள்!

இதை வைத்துக் குணம் என்று ஒன்றே இல்லை என்பவர்களும் உண்டு. எனக்கு அது அதிகப்படி. ஒரு நாள், ஒரு செயலை அளந்த சோதனை அது. அரிஸ்டாட்டில் பேசியதோ ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கத்தைப் பற்றி. அது எல்லோருக்கும் வாய்க்கும் என்று அவரும் சொல்லவில்லை.