எல் கமினோ வாங்கலாமா?

கேள்வி: கல்லடியில் ஒருவர் 1972 செவ்ரோலே எல் கமினோ பிக்கப் விற்கிறார். வீ8 எஞ்சினைக் கழற்றி ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டியிருக்கிறார், ஸ்டியரிங்கையும் வலப்பக்கம் மாற்றியாயிற்று. பெயின்ற் பளபளக்கிறது. நம்பி வாங்கலாமா?
(வாசகர், ஏறாவூர்)

பதில்: பெயின்றை விடுங்கள் தம்பி, ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டை அடைக்கப் பூசிய புட்டிப் பசைதான். கல்லடியின் உப்புக்காற்றுக்குப் பழைய இரும்பு நல்ல தீனி. பின்கண்ணாடிக்குக் கீழேயும் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டியின் மூலைகளிலும்தான் இந்த வண்டி முதலில் துருப்பிடிக்கும். இது செவ்ரோலேயின் செவெல் காரில் பிறந்த பிக்கப், அடியில் தனிச் சேசி (இரும்புச் சட்டம்) உண்டு. அதனால் வண்டியைத் தூக்கிவைத்து, சேசியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

எனக்கு எஞ்சினைவிட ஸ்டியரிங்கில்தான் பயம். ஸ்டியரிங் பெட்டியைச் சேசியில் பூட்டிய இடத்தில் சின்ன வெடிப்பு தெரிந்தாலும் வேண்டாம். அப்புறம் பதிவுப் புத்தகம்: டீசல் எஞ்சினின் இலக்கம் அதில் ஏறியிருக்க வேண்டும். "பிறகு மாற்றலாம்" என்றால் மாற்றிய பிறகே காசு கொடுங்கள்.

நெல் மூட்டை ஏற்றத்தான் என்றால் சாதாரண ஜப்பான் பிக்கப் போதும். ஆசைக்கு என்றால், சரி, உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள்.