லெதர் கோரல் அழுகினால் ஆன்டிபயாடிக் போடலாமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் போய்விட்டதால், அவன் வளர்த்த 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இப்போது அம்மாவின் தலையில். அதில் நடுநாயகமாக இருந்த லெதர் கோரல் என்ற மென்பவளம் இரண்டு வாரமாக விரியவில்லை. முதலில் மேலே மெழுகுத்தாள் போல ஏதோ படிந்ததாம். பிறகு குடை போன்ற அதன் மேற்பகுதியில் ஒரு ஓரம் கறுத்து, கொழகொழவென்று ஆகி, நாற்றம் அடிக்கிறதாம். மகனின் நண்பர், “இது பாக்டீரியா நோய் ஆன்ட்டி, ஆன்டிபயாடிக் காப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுங்கள்” என்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி மஞ்சள் கரைத்து ஊற்றச் சொல்கிறார். “எதைச் செய்வது? பிழைக்காது என்றால் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்.

காப்ஸ்யூல், மஞ்சள் இரண்டையும் தள்ளி வையுங்கள் அம்மா. உங்களுக்கு வேண்டியது ஒரு கூர்மையான பிளேடு. அதற்கும் முன்னால் உங்கள் மூக்கு.

மூக்கு எதற்கென்றால், நீங்கள் முதலில் பார்த்த மெழுகுப் படலம் நோயே இல்லை. லெதர் கோரல் என்று விற்கப்படும் சார்க்கோபைட்டன், பாம்பு சட்டை உரிப்பது போல அவ்வப்போது மேல்தோலை உரிக்கும். சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு மினுமினுப்பாக நிற்கும். மேலே ஒட்டிய பாசி, அழுக்கு, கிருமி எல்லாம் அந்தப் படலத்தோடு நீரோட்டத்தில் போய்விடும். அப்போது நாற்றம் வராது, சதை தொட்டால் உறுதியாக இருக்கும். நாற்றமும் கொழகொழப்பும் வந்துவிட்டால் கதை வேறு. உங்களுடையதில் உரிதல் முதலில், அழுகல் அடுத்து. இடையில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

மென்பவளத்துக்குக் கல்பவளம் போல உள்ளே கெட்டியான கூடு கிடையாது. சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு ஊசிகள் விரவியிருக்கும், அவ்வளவுதான். நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தின் வடகோடியில், சொட்வானா விரிகுடாவின் பாறைத்திட்டுகளில் முங்கிப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய காட்சி. மற்ற இடங்களில் கல்பவளம் ஆள்கிற இடத்தை அங்கே சார்க்கோபைட்டன், சினுலேரியா, லோபோபைட்டம் போன்ற மென்பவளங்கள் பெருமளவு பிடித்திருக்கின்றன.

இந்தச் சதைக்குள்ளும் மேலே வழியும் கோழைக்குள்ளும் பாக்டீரியா கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. அதுவும் கண்டபடி அல்ல. சுற்றியுள்ள தண்ணீரில் இருக்கும் கூட்டம் வேறு, கோழையில் இருப்பது வேறு, சதைக்குள் குடியிருப்பது வேறு. நலமாக உள்ள பல பவளங்களில், மென்பவளங்களிலும் சேர்த்து, எண்டோசோயிகோமோனாஸ் என்ற ஒரு வகை பெரும்பான்மையாக இருக்கிறது. பவளம் வாடினால் பெரும்பாலும் அதன் அளவு குறைகிறது. மத்தியதரைக் கடலின் செம்பவளத்தில், அதாவது நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த அதே பவளத்தில், சுருள் வடிவ ஸ்பைரோகீட் வகைகள் முதலிடம் பிடிக்கின்றன. வீட்டுக்கு வீடு உறைமோர் வேறு என்பது போலத்தான்.

இந்தக் குடித்தனக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதாலேயே வெளியார் நுழைவது கடினம். சில வகைகள் மற்றக் கிருமிகளைத் தடுக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. பவளமும் தன் பங்குக்கு மருந்து தயாரிக்கும். சினுலேரியா ஃப்ளெக்சிபிலிஸ் என்ற மென்பவளத்திலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளெக்சிபிலைட் பாக்டீரியாவை எதிர்க்கும் ஒரு வேதிப்பொருள்.

அப்புறம் ஏன் அழுகுகிறது? ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். இங்கே ஜூலைக் குளிரில் முதல் நாள் இரவு கரைத்து வைத்த மாவு பதமாகப் புளிக்கிறது. அதே மாவை, அதே பாத்திரத்தில், டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் வைத்துவிட்டு மறந்து போங்கள். கெடுத்த கிருமி புதிதாக எங்கிருந்தோ வந்ததாக இருக்க வேண்டியதில்லை. வெப்பம் மாறியது, யார் கை ஓங்குகிறது என்பதும் மாறிவிட்டது.

பவளத்தில் இதற்கு நல்ல சான்று விப்ரியோ கோரலிலிட்டிகஸ் என்ற பாக்டீரியா. நம் இந்தியப் பெருங்கடலிலேயே, சான்சிபார் அருகே ஒரு கல்பவளத்திலிருந்து பிரித்தெடுத்து 2003-ல் விவரித்தார்கள். 22 டிகிரிக்குக் கீழே அது பவளத்தை ஒன்றும் செய்யவில்லை. 27 டிகிரிக்கு மேலே போனதும் சதையையே கரைத்தது. அதே ஆண்டு மத்தியதரைக் கடலில் கடும் வெப்ப அலை. மென்பவளத்தின் உறவான கடல்விசிறிகள் ஏராளமாகச் செத்தன. நோயுற்ற அந்த விசிறிகளிலும் இந்த விப்ரியோ கிடைத்தது.

ஆனால் அழுகிய இடத்தில் பிடிபட்ட கிருமியே கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கரிபியன் கடல்விசிறிகளை 1990-களில் ஒரு கொள்ளைநோய் வாட்டியபோது அஸ்பெர்ஜில்லஸ் சிடோவி என்ற பூஞ்சைமேல் பழி விழுந்தது. பின்னால் பார்த்தால் நலமான விசிறிகளிலும் அதே பூஞ்சை இருந்தது. பிணத்தின் அருகே ஈ மொய்த்தால் ஈ கொன்றது என்று சொல்வோமா?

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முக்கியம். ஒன்று, லோட் ஷெடிங் மின்வெட்டில் இரண்டு முறை நான்கு மணி நேரம் பம்ப் நின்றது. மற்றொன்று, தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் மகன் கலக்கி வைத்த உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறீர்கள். அம்மா, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. ரசம் சுண்டச் சுண்டக் கரிக்குமே, அதில் மேலும் உப்பு போட்டது போல ஆகிவிட்டது. என் ஊகம்: உப்பு ஏறிக்கொண்டே போய்ப் பவளம் ஏற்கனவே தளர்ந்திருந்தது. தோலுரிக்கிற நேரத்தில் பம்ப் நின்று, படலத்தைக் கழுவிவிட ஓட்டம் இல்லாமல், அதன் அடியில் மூச்சுமுட்டி அழுகத் தொடங்கியிருக்கிறது.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 1.025 இருக்க வேண்டும். 1.030 காட்டினால் ஒரே நாளில் இறக்காதீர்கள். வடிகட்டிய நன்னீரைச் சேர்த்து நாளொன்றுக்கு 0.001 அளவில் இறக்குங்கள். இனி குறைகிற தண்ணீருக்கு நன்னீர் மட்டுமே. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், குளோரின் இருக்கும்.

பிளேடு வேலையை இன்றே செய்துவிடலாம். கையுறை போட்டுக்கொண்டு, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் பவளத்தை எடுங்கள். கறுத்த பகுதியோடு, நல்ல சதையிலும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டிவிடுங்கள். பரிதாபம் பார்த்துக் கொஞ்சம் விட்டுவைத்தால் அழுகல் அங்கிருந்து மறுபடி ஏறும். பவளத்துக்கென்று விற்கும் அயோடின் கரைசலில், புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி சில நிமிடம் முக்கி எடுங்கள். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் டிங்சர் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருக்கிறது. வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் திரும்ப ஊற்றக் கூடாது. தண்டு சுற்றிலும் அழுகியிருந்தால் தண்டை மறந்துவிட்டு, குடையில் நலமான துண்டை வெட்டி எடுத்து, ஒரு கல்லின்மேல் வைத்து வலைத்துணியால் தளர்வாகக் கட்டுங்கள். இந்தச் சதையில் பசை ஒட்டாது. சில வாரங்களில் தானே கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

தொட்டியில் உள்ள மீன்களுக்கும் ஆபத்து வருமோ என்ற பயம் இருந்தால், அது நியாயமானதுதான். அழுகும் சதை ஆக்சிஜனைத் தின்று அம்மோனியாவைக் கக்கும். பவளத்தின் நச்சுப் பொருள்களும் தண்ணீரில் கலக்கும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, வடிகட்டியில் புதிதாக ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். பாட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்பையும் வாங்கி வையுங்கள். இந்த ஊரில் அது அரிசி பருப்பு போல வீட்டில் இருக்க வேண்டிய பொருள்.

காப்ஸ்யூலை ஏன் வேண்டாம் என்றேன்? தொட்டியின் கல்லிலும் மணலிலும் அம்மோனியாவை உண்டு தண்ணீரைச் சுத்தமாக வைப்பதே பாக்டீரியாதான். அதுவும் சேர்ந்து அடி வாங்கும். பவளத்தின் காவல்காரர்களும் போவார்கள். கல்பவளத் துண்டுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில், நலமாக இருந்த துண்டுகளே வெளுத்துச் சதை உதிர்ந்தன. ஃப்ளோரிடாவில் அமாக்சிசிலின் பயன்படுகிறதே என்று உங்கள் மகனின் நண்பர் கேட்கலாம். உண்மைதான். 2014-ல் மயாமி அருகே தொடங்கிய நோய்க்கு முக்குளிப்பவர்கள் அதைக் களிம்பாகப் புண்ணின் ஓரத்தில் மட்டும் அப்புகிறார்கள். அது கல்பவளங்களின் நோய், கடலில் யாரும் காப்ஸ்யூலைக் கரைத்து ஊற்றவில்லை. மஞ்சளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டி மஞ்சளாகும்.

கடலில் விடுவது கூடவே கூடாது. தொட்டிக்குள் உலகின் பல கடல்களிலிருந்து வந்த பாசியும் கிருமியும் இருக்கும். வெட்டிய சதையை ஜிக் ப்ளீச்சில் ஒரு நாள் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் விரலில் ஒரு வெட்டுக்காயம், கையுறை இல்லாமல் தொட்டியைக் கழுவினேன் என்று எழுதியிருந்தீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, சில மாதம் அந்த இடத்தைக் கவனியுங்கள். மீன்தொட்டிகளில் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி இருக்கக்கூடும். அது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்தும், ஆறாத சிவந்த கட்டியாக வெளிப்படும். அப்படி வந்தாலோ, வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக மீன்தொட்டியைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் ரோஜா முள் குத்தி வரும் பூஞ்சை நோய் என்று நினைத்து வேறு மருந்து எழுதிவிடக்கூடும்.