கோச் சார் வேண்டாம் என்கிறார், அப்பா சேரச் சொல்கிறார்

கேள்வி: அக்கா, நான் ஆத்தங்குடிப் பெண். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழக வாலிபால் அணியில் செட்டர். எங்கள் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப வணிகமாக்கல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆறு மாதப் பகுதிநேரப் பயிற்சிக்கு விளையாட்டு மாணவர்களையும் எடுக்கிறார்கள். வாரம் எட்டு மணி நேரம், சின்ன உதவித்தொகை உண்டு. "டிசம்பர்ல தென்மண்டலப் போட்டி இருக்கு, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காதே" என்கிறார் கோச் சார். டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, "நிழல்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை, விடாதே" என்கிறார். அங்கே என்ன வேலை நடக்கும் என்பதே எனக்குத் தெரியவில்லை. விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலை வாங்குவதுதான் என் திட்டம். சேரட்டுமா?
– பெயர் வேண்டாம், ஆத்தங்குடி

பதில்: சேர்ந்துவிடு, தங்கச்சி. ஆனால் சேருவதற்கு முன்பு கோச் சாரிடம் நேரத்தைப் பேசி முடித்துவிடு. சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

முதலில் அங்கே நடக்கும் வேலையைச் சொல்கிறேன். ஒரு பேராசிரியர் துருப்பிடிக்காத பூச்சு ஒன்றைக் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள். அது ஆய்வகத்திலேயே கிடந்தால் யாருக்கும் பயன் இல்லை. இதே மாதிரி முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். இல்லை என்றால் காப்புரிமைக்கு, அதாவது பேட்டன்ட்டுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம் அதைத் தயாரிக்க ஒரு கம்பெனியைப் பிடித்து, உரிமம் கொடுத்து, ராயல்டி (விற்பனையிலிருந்து வரும் பங்குத் தொகை) பேச வேண்டும். இதெல்லாம் அந்தப் பிரிவின் வேலை. உன்னைப் போலப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேடுகிற வேலையும், கம்பெனிக்காரர்களுக்குப் புரியும்படி ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிற வேலையும், "உங்களுக்கு இது உதவுமா?" என்று போன் போட்டுக் கேட்கிற வேலையும் வரும்.

தேடுவது லேசான காரியம் இல்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தரவுத்தளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் 'டைல்' என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். விண்ணப்பம் எழுதுகிறவர்கள் அதையே 'சிமென்ட் சார்ந்த தரைப் பலகை' என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். இந்த இடத்தில் உனக்கு ஒரு பலம் இருக்கிறது. அப்பாவின் பட்டறையில் டைல் செய்யும்போது கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சின் கட்டங்களில் சாயச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பாய். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது என்று உனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு பொருளை வேலை செய்கிறவன் கையிலிருந்து யோசிக்கத் தெரிந்தவர்கள்தான் இந்தப் பிரிவுகளுக்குத் தேவை. போகப் போக ஒன்று தெரிந்துகொள்வாய்: அப்பா செய்கிற பரம்பரை முறைக்கு நம் சட்டப்படி யாரும் காப்புரிமை வாங்க முடியாது. அப்படிப்பட்ட ஊர்ப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு என்ற வேறு வழி, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-ல் அதைப் பெற்றது.

விளையாட்டுக்காரர்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தோன்றலாம். 1965-ல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் உதவிப் பயிற்சியாளர் ஒருவர், "ஆட்டம் முழுக்க ஓடுகிற பையன்களுக்குச் சிறுநீரே வருவதில்லையே, ஏன்?" என்று ராபர்ட் கேட் என்ற மருத்துவரிடம் கேட்டார். வியர்வையில் போகிற உப்பையும் நீரையும் ஈடுகட்ட அவர் குழுவினர் ஒரு பானம் தயாரித்தார்கள். முதலில் வாயில் வைக்க முடியவில்லையாம். கேடின் மனைவி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னார். அதுதான் கேட்டரேட் என்ற விளையாட்டு பானம். பின்னால் யாருக்கு எவ்வளவு உரிமை என்று தகராறு வந்து, வழக்கு வரை போய், கடைசியில் ராயல்டியில் 20 சதவீதம் பல்கலைக்கழகத்துக்கு என்று முடிந்தது. தொடக்கத்திலேயே தெளிவாக எழுதி வைத்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது. மைதானத்தில் எழுந்த கேள்வி கடைக்குப் போகும் வரை நடக்கிற கதை முழுக்க இதில் இருக்கிறது. எங்கே வலிக்கிறது, எது வழுக்குகிறது, எது இரண்டாவது செட்டில் கழன்றுபோகிறது என்று ஒளிக்காமல் சொல்லத் தெரிந்த உன்னால் அந்தப் பிரிவுக்கு நிச்சயம் பயன் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வாயைக் கட்ட வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கண்டுபிடிப்பு வெளியே தெரிந்துவிட்டால் 'புதுமை' போய்விடும். காப்புரிமை கிடைப்பது பெரும்பாடு. எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவர் ஒருவர் ஆர்வக்கோளாறில் தன் கருவியின் வீடியோவைப் போட்டுவிட்டு, பின்பு மாதக்கணக்கில் அழுதுகொண்டிருந்தார். ஆய்வகத்தில் பார்த்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட வைக்காதே, அணித் தோழிகளிடமும் பேசாதே. அவசரம் என்றால் தற்காலிக விவரக்குறிப்பு என்ற முதல் விண்ணப்பத்தைப் போட்டு, முதலில் விண்ணப்பித்த தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம். இதை அவர்களே உனக்குச் சொல்லித் தருவார்கள்.

இன்னொன்று எனக்கு உண்மையாகவே கவலை தருவது. புது முழங்கால் பட்டையோ ஷூவோ வந்தால், "உங்க டீம்ல நாலு பேரைப் போட்டுப் பார்க்கச் சொல்லும்மா" என்று உன்னிடம் கேட்கலாம். நீ சொன்னால் ஜூனியர்கள் மறுக்க மாட்டார்கள். அதனாலேயே நீ கேட்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் முறையான அனுமதியோடு, வேறு ஆள் வந்து விளக்கி, பிடித்தவர்கள் மட்டும் கையெழுத்துப் போடட்டும். உன் யோசனை ஏதாவது ஒரு கண்டுபிடிப்பில் சேர்ந்தால் அதைத் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதச் சொல். தட்டச்சு செய்ததற்காக, கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் உன் பெயரைச் சேர்க்கக் கேட்கக் கூடாது; யோசனை உன்னுடையது என்றால் கேட்கத் தயங்கவும் கூடாது.

கோட்டாவை விட வேண்டாம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ்களை மூலப் பிரதியாகப் பத்திரப்படுத்து. ஆனால் பல்கலைக்கழக அணியில் ஆட வயது வரம்பு உண்டு. முழங்கால் ஒன்று முறுக்கிக்கொண்டால் அதற்கு முன்பே உட்கார வேண்டியிருக்கும். நானும் வாலிபால் ஆடினவள்தான், கணுக்கால் பிசகி ஒரு வருஷம் பெஞ்சில் இருந்தேன். அப்போது கையில் வேறு வேலை இல்லாததுதான் வலியைவிட அதிகம் வாட்டியது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வேதியியல் படிக்கிற உனக்கு, காப்புரிமைத் தேடல் தெரிந்திருந்தால் அந்த மாதிரி இடங்களின் கதவைத் தட்டலாம்.

நேரத்தை இப்படிக் கேட்டுப் பார்: டிசம்பர் வரை வாரம் நாலு மணி நேரம், மதியம் மட்டும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் முழு விடுப்பு. ஜனவரிக்குப் பிறகு வாரம் பன்னிரண்டு மணி நேரம். காலை, மாலைப் பயிற்சியைத் தொடக் கூடாது. அந்தப் பிரிவு இதற்கு ஒத்துக்கொண்டால் ஒரு வரி எழுதி வாங்கு. கோச் சாரிடம் போனில் சொல்லாதே. அட்டவணையை ஒரு தாளில் எழுதி, அவர் திருத்தி எழுதக் கீழே இடம் விட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடு.